மரபு காத்த ஓவியர் எஸ். ராஜம்

ஓவியக் கலையில் மரபு வழியை இறுதிவரை விடாதவர் எஸ். ராஜம் (1919–2010). சென்னை ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறையைக் கற்றும், அஜந்தா ஓவியங்களின் வளைகோடுகளையே தம் வழியாகக் கொண்டார். தாளில் நீர்வண்ணம் தீட்டி, உலர்ந்ததும் நீரால் கழுவி, மீண்டும் தீட்டுவார். வண்ணம் மென்மையாகப் படியும். 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கானிடம் கண்டு, அபனீந்திரநாத் தாகூர் நம் நாட்டில் பரப்பிய முறை இது.

நவீன ஓவியம் ஓங்கிய காலத்திலும் ராஜம் தம் பாணியை மாற்றவில்லை. வானொலியில் பணியாற்றிக்கொண்டே வரைந்தார். சங்கீத மும்மூர்த்திகள் என்றதும் நம் கண்முன் தோன்றுவன அவர் தீட்டிய உருவங்களே!

தோழியரே, பழைய கலை வாழ, அதைப் பயிலும் கை வேண்டும். நம் ஓவிய வகுப்பிலேயே அதைத் தொடங்குவோமாக!