கோச்சிடம் போவதா, உளவியலாளரிடம் போவதா?

"அக்கா, நான் கோச்சிங் எடுக்கட்டா, கவுன்சலிங் போகட்டா?" வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியிலும் முன்பு வேலை செய்த கந்தோரிலும் இளம் பிள்ளைகள் இப்போது கூச்சமில்லாமல் இப்படிக் கேட்கிறார்கள். நான் இரண்டுக்கும் போய் வந்தவள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டுமே எனக்கு உதவின. எது முதலில் என்பதுதான் என் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதனால் அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறாயா, தெரிந்தும் உடம்பும் மனமும் விடாமல் நிற்கிறாயா?

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. கல்யாணத்துக்குப் பிறகுதான் வெள்ளவத்தை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, ஜம்பட்டா வீதியில் அம்மா வீட்டில் இருந்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த சத்தம் யன்னலை உலுக்கியது. அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அதையேதான் நானும் மற்றவர்களும் திரும்பத் திரும்பச் சொன்னோம்: உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் அதன் பிறகு சனக்கூட்டத்தில் நிற்க முடியவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. பக்கத்து மாடியில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் நெஞ்சு படபடக்கும். சைவக் குடும்பம் என்றாலும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறவர்கள் நாங்கள். அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வேலையிலும் மனம் ஒட்டவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தேன். வெளியே வந்து சொந்தமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பல காலமாக இருந்தது. நிறுவனம் பொறுப்பில் இருந்தவர்களுக்கு ஒரு கோச்சை ஒழுங்கு செய்தபோது என் பெயரையும் சேர்த்தார்கள். வழக்கமான கேள்விகளோடுதான் அவர் தொடங்கினார். ஒரு வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள், எது தடுக்கிறது, அடுத்த கிழமைக்குள் செய்யக்கூடிய சின்னக் காரியம் என்ன. நான் ஒழுங்காகப் பதில் சொன்னேன், எழுதியும் கொண்டு போனேன். ஒன்றையும் செய்யவில்லை. அடுத்த தடவை அவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு, நித்திரை எப்படி என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் தெளிவாகச் சொன்னார்: இது என் வேலை இல்லை, முதலில் ஒரு கிளினிக்கல் சைக்கோலஜிஸ்டைப் பாருங்கள், குணமான பிறகு இந்தத் திட்டத்தைத் தொடருவோம்.

ஒரு கோச் நல்லவரா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. சர்வதேச கோச்சிங் சம்மேளனம் 1995இல் தொடங்கியது. தேவைப்படும்போது ஆளை வேறு துறையினரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதன் ஒழுக்கக் கோவையிலேயே இருக்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்பது வேறு கதை. அனுப்பினால் காசு போய்விடும் அல்லவா. ஆகவே முதற் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "எப்படிப்பட்டவர்களை நீங்கள் எடுப்பதில்லை? அவர்களை யாரிடம் அனுப்புவீர்கள்?" எல்லோரையும் எடுப்பேன், எல்லாவற்றுக்கும் என்னிடம் வழி இருக்கிறது என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உளச்சிகிச்சை கடந்த காலத்தைத் தோண்டும், கோச்சிங் எதிர்காலத்தைப் பார்க்கும் என்று ஒரு சூத்திரம் எல்லா இடத்திலும் உலவுகிறது. என் அனுபவத்தில் அது சரியில்லை. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் பெரும்பகுதி நேரம் போவது இந்தக் கிழமை நடந்ததைப் பற்றித்தான். என்ன நடந்தது, அந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது, நீங்கள் எதைத் தவிர்த்தீர்கள். வீட்டுப்பாடமும் உண்டு. நான் போன உளவியலாளர் முதல் சந்திப்புகளில் கேள்விதான் கேட்டார். நித்திரை, சாப்பாடு, குளிசைகள், குடும்பத்தில் யாருக்காவது உளநோய் இருந்ததா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா. தைரொய்டுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வரச் சொன்னார். தைரொய்ட் குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும் மனம் சோர்ந்து கிடக்கும் என்று அப்போதுதான் அறிந்தேன். இந்த மதிப்பீடுதான் இரண்டு துறைகளையும் பிரிக்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் பயிற்சியும் பொறுப்பும் உளவியலாளருக்கு உண்டு, கோச்சுக்கு இல்லை.

பிறகு வேலை தொடங்கியது. நான் தவிர்க்கும் இடங்களை, பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து நூறு வரை ஒரு எண் கொடுக்கச் சொன்னார். அடியில் இருந்தது வெள்ளவத்தைச் சந்தை. உச்சியில் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஓர் இடத்துக்குப் போனால் பயம் ஏறும், ஏறட்டும், அது தானாக இறங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். ஓடிவந்துவிட்டால், தப்பியதால்தான் பிழைத்தாய் என்று மூளை படித்துக்கொள்ளும். சந்தையில் மீன்கடைப் பக்கம் வியர்த்து நனைந்து நின்றிருக்கிறேன். ஜம்பட்டா வீதி முடக்கில் நின்றேன். ஒரு சாதாரண நாளில் கோயில் வாசலில் நின்றேன். அந்தக் கோயில் தாக்குதல் நடந்து இரண்டு மாதத்துக்குள், 2019 ஜூனில், திருவிழாவுக்கு முதல் நாளே திறந்துவிட்டது. நான் உள்ளே போக அதைவிட நெடுங்காலம் பிடித்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சனத்தோடு சனமாக நின்று மெழுகுதிரி கொளுத்தினேன். இதை வாசித்துவிட்டு யாரும் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். படிகளை எப்போது ஏற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடந்த காலமும் வந்தது, நாங்கள் தேடிப் போகாமலே. குண்டுச் சத்தம் கேட்டவுடன் அம்மா செய்த முதல் வேலை, காணி உறுதியும் அடையாள அட்டைகளும் இருந்த பையை அலுமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இதை ஒரு சாதாரண விஷயமாகத்தான் சொன்னேன். உளவியலாளர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 83இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்களைத் தங்கள் வீட்டில் மறைத்து வைத்தவர்கள் முன்வீட்டுச் சிங்களக் குடும்பம். நான் சின்னப் பிள்ளை. அம்மா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, நானும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று பல வருடங்களாக எழுதி வந்திருக்கிறார். அதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். அந்தக் கதையை ஆறுதலாக, என் வேகத்தில் சொல்ல ஒருவர் இடம் தந்தார். எந்த இலக்குப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை.

நித்திரை திரும்பிய பிறகு கோச்சிடம் போனேன். அதே மனிதர், அதே கேள்விகள். இம்முறை செய்ய முடிந்தது. புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. எத்தனை கடை கிடைத்தால் சம்பளத்தை விடலாம், மாதக் கட்டணம் எவ்வளவு, தெரிந்தவர்களிடம் காசு கேட்கும்போது வரும் சங்கடத்தை எப்படித் தாண்டுவது என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். சொன்ன திகதிக்குள் சொன்னதைச் செய்தேனா என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே பல வேலைகள் நடந்தன. உளவியலாளர் இதைச் செய்திருக்க மாட்டார், செய்யவும் தேவையில்லை. கோச்சிங் வெறும் பேச்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடம்பு ஒத்துழைக்கும் நிலையில் இருப்பவருக்கு அது நல்ல கருவி.

அந்த நிலையில் இருக்கிறோமா என்று எப்படி அறிவது? சோர்வோ விருப்பமின்மையோ இரண்டு கிழமைக்கு மேல் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் நீடித்தால், நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், ஒரு சம்பவம் கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்தால், குடி கூடினால், சாவைப் பற்றிய எண்ணம் ஒரு தடவையாவது வந்தால், முதலில் வைத்தியரோ உளவியலாளரோதான். 2022 பொருளாதார நெருக்கடியில் வேலை போன ஆண்கள் பலர் இந்த அடையாளங்களோடு ஊக்குவிப்புக் கருத்தரங்குகளில் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரியும். மேடையில் ஒருவர் "உன்னால் முடியும்" என்று முழங்கும்போது, முடியாமல் கிடப்பவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு வீடு திரும்புவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஆளைத் தெரிவு செய்வதில் சில காரியங்களைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். உளநல வைத்திய நிபுணரும் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்டும் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டியவர்கள். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். உளவளத்துணையாளர்களில் சில மாத வகுப்பு முடித்தவரும் உண்டு, தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் டிப்ளோமா முடித்தவரும் உண்டு, முதுகலைப் பட்டம் பெற்றவரும் உண்டு. ஆகவே எங்கே, எவ்வளவு காலம் படித்தார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை போட இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. நான் சொன்ன சர்வதேசச் சம்மேளனத்தின் சான்றிதழ் இருந்தால் அதன் தரத்தைப் பாருங்கள். ஆரம்பத் தரத்துக்கு 100 மணித்தியால அனுபவம் வேண்டும், அடுத்ததற்கு 500, உயர்ந்ததற்கு 2500. முழுக் காசையும் முதலிலேயே கட்டச் சொன்னாலோ, டொக்டர் தந்த குளிசையை நிறுத்தச் சொன்னாலோ, உங்கள் சொந்தக்காரரையும் சேர்த்துவிடச் சொன்னாலோ அங்கே நிற்க வேண்டாம்.

மொழியை நாங்கள் குறைத்து மதிக்கிறோம். கொழும்புத் தமிழருக்கு ஆங்கிலத்தில் வேலை பார்க்கவும் சிங்களத்தில் பேரம் பேசவும் தெரியும். கோச்சிங்குக்கு அந்த ஆங்கிலம் போதும், எனக்கும் போதுமாக இருந்தது. ஆனால் அம்மா மடியில் வைத்திருந்த பையைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னபோது அது ஒரு செய்தி அறிக்கை போல வந்தது. தமிழில் சொல்லத் தொடங்கியதும் அழுதேன். தமிழில் சிகிச்சை தரக்கூடிய உளவியலாளர்கள் கொழும்பில் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். காத்திருப்பது வீண்போகாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவரிடம் இணையவழியில் கதைக்கலாம். இன்னொரு நன்மையும் அதில் உண்டு. வெள்ளவத்தையில் ஒரு மருத்துவ நிலையத்தின் வாசலில் உட்கார்ந்தால் அரை மணித்தியாலத்தில் மூன்று சொந்தக்காரர் கடந்துபோவார்கள். பெண் பார்க்கும் வயதில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது பெரிய பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தெஹிவளைக்கோ பொரளைக்கோ போய்ச் சேனல் பண்ணுங்கள், ஆனால் போகாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

காசில்லை என்பதும் தடையாக இருக்கக்கூடாது. களுபோவிலை போதனா வைத்தியசாலையிலும் தேசிய வைத்தியசாலையிலும் உளநலக் கிளினிக்குகள் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். தமிழ் தெரிந்தவர் எந்த நாளில் இருப்பார் என்று முதலே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கொடை என்ற பெயரை எங்கள் வீடுகளில் ஏச்சாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். அங்கே இருப்பது தேசிய உளநல நிறுவகம். வெளிநோயாளராகப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பும் சாதாரண மனிதர்கள் அங்கே நிறைய.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால் கோச்சா, உளவியலாளரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம். 1333 இலக்கத்துக்கும் இலவசமாக அழைக்கலாம். 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய சுமித்ரயோ, ஹோர்ட்டன் பிளேசில் இன்றும் ஆட்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இலக்கங்களை உங்கள் கைத்தொலைபேசியில் போட்டு வையுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் தொலைபேசியிலும் இன்றே போட்டுவிடுங்கள்.