சும்மா நிற்கும் எஞ்சின்

மும்பையில் டாக்சி என்றால் பிரீமியர் பத்மினி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. குர்லாவில் பிறந்த அவ்வண்டி, 2023 அக்டோபர் 30 முதல் இந்நகரில் டாக்சியாக ஓடும் உரிமையை இழந்தது. எனினும் அதைச் சொந்தக் காராகப் போற்றி வைத்திருப்போர் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்னும் உளர். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, "ஓடும்போது நன்றாக ஓடுகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது" என்பதே. காரணத்தை ஆராய்வோம்.

114 கிராம் ஆக்டேன் முழுதும் எரிய 400 கிராம் பிராணவாயு வேண்டும். காற்றின் எடையில் நூற்றுக்கு 23 பங்கே பிராணவாயு. ஆகவே ஒரு பங்கு எரிபொருளுக்குச் சுமார் 15 பங்கு காற்று தேவை. பெட்ரோல் பல பொருள்களின் கலவையாதலால் 14.7 என்று கொள்வது வழக்கம். பெட்ரோல் மிகுந்தால் பிளக் கரி பிடிக்கும். புகையில் கார்பன் மோனாக்சைடு பெருகும். மணமும் நிறமும் இல்லாத அந்த நஞ்சு ஆளைக் கொல்லும். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பவர் இதை மறக்கலாகாது. காற்று மிகுந்தாலோ பிளக் வெளுக்கும், எஞ்சின் திணறும்.

வண்டி நிற்கையில் த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே செல்லும் காற்று மிகச் சொற்பம். மானிபோல்டில் வெற்றிடமோ மிக அதிகம். அப்போது பேக்கிங்கில் சிறு வெடிப்பு இருந்தாலும், அதன் வழியே நுழையும் திருட்டுக் காற்று கலவையைக் கெடுத்துவிடும். வேகமாக ஓடுகையில் அதே கசிவு கடலில் கரைத்த பெருங்காயம்!

எனக்குத் தெரிந்த தாராவி மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர், இத்தகைய வண்டி வந்தால் ஸ்க்ரூவைத் தொடமாட்டார். எஞ்சின் சூடேறியதும் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பாதி மறைப்பார். ஓட்டம் சீரானால் காற்று அதிகம். இன்னும் கெட்டால் பெட்ரோல் அதிகம். பிறகு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் மேல் நகர்த்தி, 'உஸ்' என்னும் ஓசையைத் தேடுவார். எங்கள் ஆய்வுக்கூடத்து மானோமீட்டருக்கு அந்தக் காது இளைத்ததன்று. கசிவை அடைத்த பின்னரே கலவை ஸ்க்ரூவைத் திருப்பி, எஞ்சின் சீராக, விரைவாகச் சுழலும் இடத்தில் நிறுத்துவார். கசிவு இருக்கையில் ஸ்க்ரூவைத் திருப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

கார்புரேட்டர் இல்லாத பழைய கார்களின் கதை இன்னும் சுவையானது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1967இல் வோக்ஸ்வாகன் காருக்கு அளித்த டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு முறை, மானிபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைப் பீச்சுகிறது. திருட்டுக் காற்று நுழைந்தால் அழுத்தம் உயரும். கருவி பெட்ரோலையும் கூட்டிவிடும். எனவே எஞ்சின் அணையாமல், நின்ற இடத்தில் உறுமும்! 1973இல் வந்த கே-ஜெட்ரானிக்கோ, காற்றின் ஓட்டத்தை ஒரு தட்டினால் அளக்கிறது. தட்டைத் தாண்டி நுழையும் காற்று அதன் கணக்கில் வராது. ஆகவே பெட்ரோல் குறைந்து, பத்மினியைப் போலவே எஞ்சின் திணறும். ஒரே நோய்க்கு இரண்டு குணங்கள். வண்டியின் முறை அறியாமல் வைத்தியம் செய்யலாகாது.

கே-ஜெட்ரானிக் வண்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால், வேறெங்கோ காற்று ஏற்கெனவே புகுந்துகொண்டிருக்கக் கூடும்.