யுத்த லாரியும் தேய்மான நிதியும்

1945-இல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், தேவைக்கு மிஞ்சிய ராணுவ லாரிகளையும் டிரெய்லர்களையும் இந்திய ஸர்க்கார் விற்றனர். இத்தகைய பழைய வண்டிக்கு விலை குறைவே. பராமரிப்புச் செலவோ குறைவன்று.

யுத்தகாலத்தில் கனடா தேசத்தில் செய்த ஃபோர்டு, செவர்லே லாரிகளிற் பல, நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்புடையவை. சேற்றில் அஃது உதவும். கெட்டியான சாலையில் முன்சக்கர இழுப்பை விடுவியாது ஓட்டினால் டயர்களும் பற்சக்கரங்களும் விரைவில் தேயும். டிரெய்லரின் பின்பக்கம் பாரம் மிகுந்தால் அது சாலையில் அலையும்.

ஸ்ரீரங்கத்து வாழைத்தாரைக் காவேரி கடந்து திருச்சிச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் சங்கம் ஒன்றை எண்ணுக. வழியில் லாரி நின்றுவிட்டால் தார் பழுத்து விலை இறங்கும். நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். ஆகவே, நடைதோறும் வாடகையில் ஒரு பகுதியைத் தேய்மான நிதிக்கு ஒதுக்கிய பின்னரே லாபத்தைப் பங்கிடுக.