6 வோல்ட் செல்ஃப், 12 வோல்ட் பேட்டரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய காரை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறவர் பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், பல்பு, வைப்பர் மோட்டார் என்று பட்டியல் போட்டு வாங்கிவிடலாம். அதில் பெரிய விவாதம் எழாது. செல்ஃப் மோட்டார் என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு பயமுறுத்தல். உதாரணத்துக்குப் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்குப் போன பீட்டில்கள் 1967 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளை மாற்றிக்கொள்வது உலகெங்கும் நடக்கிற வேலை.

நம்பிக்கை: 6 வோல்ட் செல்ஃபுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அந்த நிமிடமே எரிந்துவிடும்.

எரியாது. மோட்டாரைக் கெடுப்பது சூடு. சூடு ஏற நேரம் வேண்டும். ஒழுங்காக டியூன் செய்த இன்ஜின் ஓரிரண்டு வினாடியில் பிடித்துக்கொள்ளும், அதற்குள் வைண்டிங் எரிகிற அளவுக்குச் சூடு ஏறிவிடாது. பழைய செல்ஃபையே 12 வோல்ட்டில் ஆண்டுக்கணக்காக ஓட்டுகிற பீட்டில்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைச் சாவியை விடாமல் அரைத்துக்கொண்டே இருந்தால் கதை வேறு. அப்போதும் பெரும்பாலும் முதலில் போவது சோலனாய்டு. பினியன் என்ற சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளிய பிறகு அதைப் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய சுற்று, சாவியை விடும்வரை கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். வோல்ட் இருமடங்கானால் அதில் சூடு நான்கு மடங்கு. கிராங்க் ஆகும்போது பேட்டரி வோல்ட் கொஞ்சம் இறங்குவதால் கணக்கு சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

இன்னொரு சேதம் மெதுவாக வரும், வெளியே தெரியாது. செல்ஃப் மோட்டார் சீரிஸ் வகை: கரண்ட் கூடினால் முறுக்குவிசை அதைவிட வேகமாகக் கூடும். நின்றிருக்கும் ஃப்ளைவீலின் ரிங் கியரில் பினியன் அத்தனை பலத்தோடு மோதும். நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது பெரும்பாலும் ஒரே இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும், ஒன்றுக்கொன்று நேரெதிரே. ஆகவே அடி முழுவதும் அந்த இரண்டு இடத்துப் பற்களுக்கே. ஒரு நாள் செல்ஃப் ‘கிர்ர்’ என்று வெறுமனே சுற்றும். காரை கியரில் போட்டுக் கொஞ்சம் தள்ளிவிட்டால் எடுத்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் பேட்டரிமீது சந்தேகப்பட வேண்டாம், பற்களைப் பாருங்கள்.

நம்பிக்கை: வம்பே வேண்டாம், 12 வோல்ட் பீட்டில் செல்ஃப் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும்.

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை. காரணம், மோட்டார் உட்கார்ந்துவிடும். இரண்டு போல்ட்டும் நேராகப் பொருந்தும், மெக்கானிக்குக்குத் திருப்தி. தகராறு உள்ளே. 6 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீலுக்கு 109 பல். 12 வோல்ட்டினுடையதற்கு 130. பல் அளவே வேறு என்பதால் ஒன்றின் பினியன் மற்றதில் சரியாகக் கடிக்காது. இது போதாதென்று, மோட்டார் தண்டின் முனை கியர்பாக்ஸ் கூட்டிலுள்ள ஒரு சின்ன புஷ்ஷில் சுழல வேண்டும். 12 வோல்ட் மோட்டாரின் தண்டு மெலிது. பழைய புஷ்ஷில் அது லொடலொடவென்று ஆடும், ஆர்மேச்சர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உராயும், செல்ஃப் முனகும். கடைக்காரரிடம் போனால் மோட்டார் மட்டம் என்று இன்னொன்றைத் தலையில் கட்டுவார்.

தீர்வு புதிதல்ல. 109 பல்லுக்கான பினியன் பொருத்திய 12 வோல்ட் மோட்டார் கிடைக்கிறது. அதோடு உள்துளை சிறிதான மாற்றுப் புஷ்ஷும் போட வேண்டும். ஃப்ளைவீலையே 130 பல்லுக்கு மாற்றுவது இன்னொரு வழி. அது விட்டத்தில் பெரியது. பழைய கியர்பாக்ஸ் கூட்டின் உட்புறத்தைத் தேய்த்து இடம் பண்ண வேண்டும். இன்ஜின் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வெளியே வந்திருந்தாலொழிய நான் அந்த வழிக்குப் போகச் சொல்ல மாட்டேன். எதை வாங்குவதற்கு முன்பும் பழைய மோட்டாரைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியே ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, புல்லியைக் கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். ஐம்பது, அறுபது வருடக் காரில் எந்தக் காலத்தில் யார் எதை மாற்றினார்களோ!

நம்பிக்கை: பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றினால் செல்ஃப் தலைகீழாகச் சுற்றும்.

பீட்டிலுக்கு இந்தக் கவலை இல்லை, அது முதலிலிருந்தே நெகட்டிவ் எர்த். அமெரிக்க ஃபோர்டு கார்கள் 1955 மாடல் வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். 1956-இல் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். அவற்றை மாற்றுகிறவர்களிடம்தான் இந்தப் பயம் அதிகம். பழைய செல்ஃபில் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் ஒரே கரண்டில் ஓடுகின்றன. துருவம் மாறினால் இரண்டிலும் சேர்ந்தே மாறும், சுற்றும் திசை அப்படியே இருக்கும். ஃபீல்டு காயிலுக்குப் பதிலாக நிலைக்காந்தம் வைத்த புதுரகச் சிறிய மோட்டார்கள் அப்படியில்லை. காந்தத்தின் துருவம் மாறாது. கரண்ட் மட்டும் மாறினால் திசை திரும்பிவிடும். மாற்று மோட்டார் வாங்கும்போது உள்ளே காந்தமா காயிலா என்று கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: 12 வோல்ட்டுக்கு பேட்டரி கேபிளையும் புதிதாகப் போட வேண்டும்.

வேண்டாம். அதே வேலைக்குக் கரண்ட் பாதியாகக் குறைவதால், 6 வோல்ட்டின் தடித்த கேபிள் தாராளமாகப் போதும். 12 வோல்ட் காரின் மெல்லிய கேபிளை 6 வோல்ட் வண்டியில் போடுவதுதான் தப்பு. “6 வோல்ட்னாலே செல்ஃப் சோம்பலாத்தான் சுத்தும்” என்று பழியைச் சுமக்கும் பல கார்களின் நோய் அந்தக் கேபிள்தான், அல்லது துருப்பிடித்த எர்த் பட்டை. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தடித்த கேபிளையும் மாட்டிப் பார்த்த பிறகு 12 வோல்ட் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.