பொருளுக்குப் பெயர் சூட்டல்

முன்னுரை

என் வீட்டுப் பரண்மீது ஆயிரம் காகித உறைகள் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. பன்னிரண்டு பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நான்காயிரம் ரூபாய் அவற்றில் முடங்கிவிட்டது. அதற்குக் காரணம் வணிகவியல் மாணவியாகிய நானே. என் பிழையிலிருந்து நான் கற்றதைச் சக மாணவ, மாணவியருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர் பென்னலூர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருங்காட்டுக்கோட்டைக்கு அடுத்து உள்ளது. என் அத்தை உள்ளிட்ட பன்னிரண்டு பேர் அடங்கிய மகளிர் சுய உதவிக் குழு அங்கே கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை ஆகியவற்றை வறுத்து, அரைத்துச் சத்துமாவு விற்றுவருகிறது. வாடகை அறைகளில் தங்கித் தொழிற்சாலைகளுக்குச் செல்வோரே அதனை மிகுதியாக வாங்குகின்றனர். சில்லறையாக விற்றதைக் கடைகளுக்கும் கொடுக்கலாம் என்று குழுவினர் முடிவு செய்தபோது ஒரு பெயர் தேவைப்பட்டது.

"நீதான் படிச்ச பொண்ணு. நல்ல பேரா ஒண்ணு சொல்லு கண்ணு" என்றார் அத்தை.

"பென்னலூர் சத்துமாவு" என்று பெயரிட்டேன். அதன் கீழே "சர்க்கரை நோயை விரட்டும்" என்ற விளம்பர வாசகத்தையும் சேர்த்தேன். உறைகள் அச்சாகி வந்தன. அவற்றுள் ஒன்றை எங்கள் துறைப் பேராசிரியரிடம் பெருமையுடன் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அம்மா, இந்தப் பெயர் உங்களுக்குச் சொந்தமாகாது. இந்த வாசகமோ உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்" என்றார். அன்று மாலையே உறைகள் பரணேறின.

பெயர் வேறு, வாசகம் வேறு

பெயரின் வேலை, ஒரு பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. வாசகத்தின் வேலை, அப்பொருளைப் பற்றி வாங்குவோருக்கு ஒரு வாக்குக் கொடுப்பது. முன்னது அடையாளம், பின்னது உறுதிமொழி. இவ்விரண்டும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கும்போதுதான் நிலைத்து நிற்கின்றன. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த வண்டிகளின் பெயர்களையே பாடமாகக் கொள்ளலாம்.

முதலாவது, ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ஒரு நிறுவனம், 1893ஆம் ஆண்டளவில் என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பை வைத்தே தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயரிட்டது. "துப்பாக்கிபோல் செய்யப்பட்டது" என்பது அதன் வாசகம். 1901இல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1930களில் அதன் ஒரு வகைக்குத் துப்பாக்கிக் குண்டைக் குறிக்கும் "புல்லட்" என்ற பெயர் வந்தது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றித் திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் அப்பெயர் இங்கே வாழ்ந்தது. 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. பெயர், வாசகம், வண்டியின் வகைப்பெயர் ஆகிய மூன்றும் ஒரே உண்மையைச் சுற்றி நிற்பதைக் காண்க. துப்பாக்கிப் பாகம் செய்த கைகளே சைக்கிளையும் செய்தன. ஆகவே அந்த வாசகம் வெறும் அலங்காரம் அன்று.

இரண்டாவது, பாரத்பென்ஸ். டெய்ம்லர் என்னும் ஜெர்மானிய நிறுவனம் ஒரகடத்தில் லாரி ஆலை அமைத்தபோது, தன் பழைய பெயரை அப்படியே கொண்டுவந்து ஒட்டவில்லை. 2011இல் "பாரத்பென்ஸ்" என்ற புதுப்பெயரை அறிவித்தது. 2012இல் ஆலை திறக்கப்பட்டது. பாரத் என்பது நம் நாட்டின் பெயர்; பென்ஸ் என்பது மோட்டார் வண்டியின் முன்னோடிகளுள் ஒருவரான கார்ல் பென்ஸின் பெயர். யாருக்காகச் செய்தது, யாருடைய தொழில்நுட்பம் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் விடை இருக்கிறது. அதே ஆலையிலிருந்து வெளிநாடுகள் பலவற்றுக்குச் செல்லும் லாரிகள் "ஃபூசோ" என்ற பெயரைத் தாங்குகின்றன. பாரத் என்ற சொல் பேசாத இடத்தில் அச்சொல்லைச் சுமந்து செல்வதில் பயனில்லை அன்றோ?

மூன்றாவது, டாட்சன். 1914இல் ஜப்பானில் ஒரு கார் உருவாயிற்று. அதற்குப் பொருளுதவி செய்த டென், அஓயாமா, தகேஉச்சி ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து "டாட்" என்று பெயரிட்டனர். 1931இல் வந்த சிறிய காருக்கு, டாட்டின் மகன் என்னும் பொருள்பட, ஆங்கில முறையில் "டாட்–சன்" என்றனர். ஆனால் அந்தப் பின்னொட்டை ஜப்பானிய உச்சரிப்பில் சொன்னால் "நட்டம்" என்று பொருள்படும். நட்டம் என்ற பெயருடன் எந்தக் கார் விலைபோகும்? விரைவிலேயே ஆங்கில எழுத்தொன்றை மாற்றி, மகனைச் சூரியனாக்கிவிட்டனர். இப்பெயரை 1980களில் கைவிட்ட நிசான் நிறுவனம், 2014இல் இந்தியாவில் அதனை மீண்டும் கொண்டுவந்தது. ஒரகடத்தில் தயாரான டாட்சன் கார்கள் 2022இல் நின்றுபோயின. ஒரு நூற்றாண்டுப் பழமை இருந்தாலும் பெயர் மட்டுமே பொருளைக் காப்பாற்றிவிடாது என்பதும் இதனால் தெளிவாகும்.

சட்டம் கூறுவது

இனி என் பிழைக்கு வருகிறேன். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999இன் 9ஆம் பிரிவு, பொருளின் வகையையோ தரத்தையோ தோன்றிய இடத்தையோ மட்டும் சுட்டும் சொற்களைப் பதிவு செய்ய இயலாது என்கிறது. "பென்னலூர்" இடத்தைச் சுட்டுகிறது. "சத்துமாவு" வகையைச் சுட்டுகிறது. இரண்டையும் எவரும் பயன்படுத்தலாம். நாளை எதிர்வீட்டார் அதே பெயரில் மாவு விற்றால் நாங்கள் தடுக்க முடியாது. என்ஃபீல்டும் ஊர்ப்பெயர்தானே என்று கேட்கலாம். நெடுங்காலப் பயன்பாட்டால் ஒரு சொல் குறிப்பிட்ட ஒருவரின் பொருளையே நினைவூட்டுமாயின், அதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நேற்றுப் பிறந்த எங்கள் மாவுக்கு அந்த விலக்குப் பொருந்தாது.

வாசகத்தின் பிழை இதனினும் பெரிது. உணவு ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று அனுமதியின்றி விளம்பரம் செய்வதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் கிடக்கட்டும். என் வாசகத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை எண்ணிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாம் முயற்சி

குழுவினர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. இம்முறை நான் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காமல், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சென்றேன். தானியத்தை முறத்தில் புடைப்பதைக் கண்டு, "முறம்" என்று பெயரிடலாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அச்சகத்துக்கு ஓடாமல், வாங்க வருவோரிடம் பத்து நாள் சொல்லிப் பார்த்தோம். சத்தீஸ்கரிலிருந்து வந்து சாலைப் பணி செய்யும் இளைஞர் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் ஊரில் "முரம்" என்றால் சாலைக்குக் கொட்டும் சரளை மண்ணாம்!

"மாவுல கல்லு இல்லேன்னு சொல்லிட்டு, பேர்லயே கல்லை வெச்சுட்டியே கண்ணு!" என்று அத்தை சிரித்தார். டாட்சனின் கதை எங்கள் திண்ணையிலேயே நடந்தேறியது.

பிறகு அத்தையிடமே கேட்டேன்: "அத்தை, மத்தவங்க செய்யாதது நீங்க என்ன செய்யறீங்க?" அவர் சற்று யோசித்து, "உள்ளங்கையில பரப்பிக் கல்லு பார்க்காம ஒரு மணியும் சட்டிக்குப் போகாது" என்றார். அதுவே பெயராயிற்று: "உள்ளங்கை". வாசகம்: "கல் பார்த்து, கையால் வறுத்தது". பெயர் பொருளை வருணிக்கவில்லை, ஆனால் நினைவூட்டுகிறது. வாசகத்தின் ஒவ்வொரு சொல்லையும் குழுவினர் எவர் முன்னும் மெய்ப்பிக்க முடியும்.

வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில், மாவு வகைகளுக்குரிய 30ஆம் வகுப்பில் ஒத்த பெயர் உண்டா என்று தேடினோம். தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறுதொழில் ஆகியோர் இணையவழி விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். மற்றவர்க்கு 9,000 ரூபாய். ஏற்கப்பட்டால் இதழில் வெளியிடுவர். நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்க்கலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், மீண்டும் புதுப்பிக்கலாம். கட்டணத்துக்காகக் குழு சேமித்துவருகிறது. அதுவரை வெறும் உறையில் சிறு லேபிள் ஒட்டியே விற்கிறோம்.

முடிவுரை

பெயர் சூட்டுவோர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இது நமக்கே உரியதாகுமா? வாங்குவோர் வாயில் எளிதாக வருமா? அவர்தம் மொழியில் வேறு பொருள் உண்டா? வாசகம் உண்மையா? நான்காவதே முதன்மையானது.

அண்மையில் வறுக்கும் இயந்திரம் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அத்தை உடனே, "அப்போ லேபிளையும் மாத்தணும், கையால்னு போட முடியாது" என்றார். வகுப்பறையில் நான் படித்த பாடத்தை அவர் படிக்காமலே உணர்ந்திருந்தார்.

இக்கட்டுரையின் முதற்படியை அந்தப் பழைய உறைகளின் பின்புறத்தில்தான் எழுதினேன். இன்னும் தொள்ளாயிரத்துக்கு மேல் மீதமுள்ளன.