குதிரை முகச் சாமி ஊரிலிருந்து ஒரு கடிதம்

திருவந்திபுரம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஜூனில் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகிறீர்கள். பிறவியில் உதட்டுப் பிளவு. தைத்த தழும்பு நெல்மணி நீளத்துக்குத் தெரிகிறது. பேச்சு கொஞ்சம் மூக்கில் வருகிறது. ‘வொண்டர்’ நாவலை அவனுக்கு இப்போதே படித்துக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆர். ஜே. பலாசியோ எழுதி 2012-இல் வந்த நாவல் அது. முக எலும்புகள் சரியாக வளராமல் பிறந்த ஆகஸ்ட் புல்மன், வீட்டிலேயே படித்துவிட்டுப் பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறான். அந்தக் கதை பிறந்த இடம் ஓர் ஐஸ்கிரீம் கடை. அங்கே முகம் வேறு மாதிரி இருந்த ஒரு சிறுமியைப் பார்த்து பலாசியோவின் சின்ன மகன் அழ ஆரம்பித்தான். அவள் மனம் நோகக் கூடாதே என்று அவர் பிள்ளைகளோடு அவசரமாக வெளியேறினார். அப்படி ஓடியதுதான் உறுத்தி உறுத்தி நாவலானது.

நாமும் ஓடுகிறவர்கள்தான். பஸ்ஸில் நம் பிள்ளை யாரையாவது உற்றுப் பார்த்தால், “ச்சூ, அப்படிப் பார்க்காதே” என்று தலையைத் திருப்பிவிடுகிறோம். பிள்ளையின் கேள்வி அடங்குவதில்லை. மறுநாள் வகுப்பில் பட்டப்பெயராக வெளியே வருகிறது. என்னோடு படித்த ஒருவனை ‘மூளி’ என்று கூப்பிட்டோம். விளிம்பு உடைந்த பானைக்குச் சொல்கிற சொல். நானும் கூப்பிட்டவன். நாலாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அப்படி ஓடாத ஒருவரை எங்கள் ஊரில் பார்த்தேன். இங்கே நீங்களும் வந்திருப்பீர்கள். தேவநாத சுவாமி கோயிலை ஒட்டிய ஔஷதகிரியில் 74 படி ஏறினால் ஹயக்ரீவர். வேதாந்த தேசிகர் வழிபட்ட சன்னதி. கல்விக்குத் தெய்வம் என்பதால் பள்ளியில் சேர்க்கும் முன் பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள். பரீட்சை நேரத்தில் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக வரிசை நிற்கும். போன விஜயதசமியன்று மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு வாண்டு, சிலேட்டை மார்போடு அணைத்தபடி சத்தமாகக் கேட்டது: “சாமிக்கு ஏன் ஆயா குதிரை மூஞ்சி?” ஆயா அதட்டவில்லை. “வேதத்த ரெண்டு அசுரனுங்க திருடிக்கினு பூட்டானுங்க. சாமி இந்த மூஞ்சியோட போயி மீட்டாந்தாரு.” அவ்வளவுதான். வாண்டுக்குத் திருப்தி, அடுத்த கேள்வி சுண்டலைப் பற்றி.

உங்கள் மகனைச் சாமியாக்கச் சொல்லவில்லை. அந்த ஆயாவிடம் பதில் தயாராக இருந்தது என்கிறேன். அப்படி ஒரு பதிலை அவனுக்கும் கொடுத்தனுப்புங்கள்: “பொறக்கும்போதே உதடு ஒட்டல, டாக்டர் தெச்சுட்டாரு. வா, வெளையாடலாம்.” கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பழகட்டும். வகுப்பு ஆசிரியையும் இதையே சொல்லட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். கிரகணத்தில் வெளியே வந்தாயா என்று உறவினர்கள் உங்களைக் குடைவதாக எழுதியிருந்தீர்கள். கருவின் இரண்டாம் மாத வாக்கில் மேலுதட்டின் பாகங்கள் வந்து கூட வேண்டும். கூடாமல் நின்றால் பிளவு. உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு இருக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்கும் குறைபாடுகளில் இதுவும் ஒன்று, சிகிச்சை இலவசம். பேச்சுப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2022 ஆகஸ்டில் ஆவடிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் செய்தி வந்தது நினைவிருக்கும். முகத்தின் ஒரு பக்கத்தை அரிக்கும் அரிய நோய். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்பதும் அவள் சொன்ன வலி. அரசு தலையிட்டு அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சரே போய்ப் பார்த்தார். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளையைச் செய்தியாகவே வைத்திருக்கக் கூடாது. முகத்தை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெஞ்சில் தள்ளி உட்காருகிற பிள்ளையை யார் பார்ப்பது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் தள்ளி உட்காராதே என்று சட்டம் சொல்லாது. வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

நாவலைப் பற்றி ஒரு குறை. கடைசியில் ஆகஸ்டுக்குப் பதக்கம் கிடைக்கிறது, அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. படிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் உங்கள் மகன் பதக்கம் வாங்கித்தான் பக்கத்து இருக்கையைச் சம்பாதிக்க வேண்டுமா? அவன் கணக்கில் முப்பத்தைந்து மார்க் எடுக்கட்டும், சண்டை போடட்டும், திட்டு வாங்கட்டும். மற்ற பிள்ளைகளுக்கு உள்ள அந்த உரிமை அவனுக்கும் உண்டு.

ஆகவே நாவல் இப்போது வேண்டாம். அவனுக்கு ஒன்பது, பத்து வயதாகட்டும். அதுவரை அது அவன் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும், மூத்த வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: ஜூனில் உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, “எங்க கிளாஸ்ல ஒரு பையனுக்கு உதடு ஏன் அப்படி இருக்கு?” என்று கேட்டால், தயவுசெய்து ‘ச்சூ’ என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசக நண்பன்