கடலிலிருந்து வந்த விருந்தாளி

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடுகள் மூன்று உள்ளன. சிறுவர் கூட்டம் முதலில் ஓடுவது அவற்றை நோக்கியே. நாம் ஈண்டுக் கூற விழைவதோ வேறொரு விருந்தாளியைப் பற்றி.

1892இல் மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு, சிங்கப்பூரின் பழைய இராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் 1907 முதல் தொங்கியது. 1974இல் அது மலேசியாவுக்கு அளிக்கப்பட்டது. நேரில் கண்ட முதியோர் அதனை இன்றும் மறந்திலர். அவ்விடம் நாற்பது ஆண்டுகளாக வெறுமையாகவே இருந்தது.

2015 ஜூலை 10ஆம் நாள், ஜூரோங் தீவுக்கு அருகில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கிலம் அது. முதுகில் பெருங்காயம், கப்பல் மோதியிருக்கலாம் என்பர். ஆய்வாளர்கள் அழுகிய தசையை அறுத்து நீக்கி, எலும்புகளைத் தூய்மை செய்தனர். அந்த நாற்றத்தை நாம் எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்! நாட்டின் பொன்விழா ஆண்டாதலின் அதற்கு 'ஜூபி லீ' எனப் பெயரிட்டு, 2016இல் காட்சிக்கு வைத்தனர்.

அதன் வயிற்றில் என்ன இருந்தது தெரியுமா? கணவாயின் அலகுகள் இருந்தன. நாம் 'சோத்தோங்' என்று வாங்கி உண்போமே, அதன் இனந்தான் கணவாய். கிளியின் மூக்கைப் போன்ற அவ்வலகு எளிதில் செரிப்பதில்லை. ஆதலால் திமிங்கிலம் எதை உண்டு வாழ்ந்தது என்பதை அறிய முடிகிறது. அவற்றோடு பிளாஸ்டிக் குவளைகளும் உணவுப் பொட்டல உறைகளும் கிடந்தன. கடையில் பானம் வாங்கிப் பருகிவிட்டு நாம் எறிகின்ற குவளைகளைப் போன்றவையே அவையும்.